கோட்டில் விழுந்த பந்து

டென்னிஸ் லீக்கில் பரம வைரிகளான ரெண்டு கிளப்புக்கும் கடைசி இரட்டையர் ஆட்டம். இந்தப் பாயிண்ட் யாருக்கோ, கோப்பை அவர்களுக்கு. மெக்கானிக் பிச்சைக்கனி எதிர்ப்பக்கமிருந்து அடித்த பந்து சுண்ணாம்புக் கோட்டிலேயே விழுந்ததை ஜூனியர் வக்கீல் இளம்பரிதி கண்ணால் பார்த்தான். நடுவர் கிடையாது; பந்து விழுந்த பக்கத்துக்காரர்தான் சொல்லணும். இளம்பரிதிக்கு ஜோடியாக ஆடிய அவனுடைய சீனியர் வக்கீல் ரங்கபாஷ்யம், செம்மண் தரையில் பந்து பதித்த தடத்தைக் காலால் தேய்த்துவிட்டு, "அவுட்!" என்றார்.

"ஆமா சார், அவுட்," என்றான் இளம்பரிதி.

"கோட்டுல விழுந்துச்சுங்க," என்றான் பிச்சைக்கனி.

"அப்போ தடத்தைக் காட்டுப்பா, பார்ப்போம்!" என்றார் சீனியர்.

"உங்க ஷூவுலயே இருக்கு சார். வெளியே விழுந்த தடத்தைத் தேய்ச்சா செம்மண்ணுதானே ஒட்டும்? சுண்ணாம்பு எப்படி ஒட்டுச்சு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சீனியர் இளம்பரிதி பக்கம் திரும்பி, "நீயாவது உண்மையைச் சொல்லக் கூடாதாடா?" என்றார்.

இளம்பரிதி தலை நிமிரவில்லை. அவனைப் பொய் சொல்லச் சொல்லி யாருமே கேட்கவில்லை.