சுண்டைக்காய் அளவுத் தாகம்

அந்தக் காலத்தில் தவளைகள் பேசும். ஆண், பெண் இரண்டுக்குமே தொண்டையில் பை உண்டு. ஒரு கொடுங்கோடையில் குளம் வற்றி, பாறை இடுக்குச் சுனையில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. சுனை வாயை அடைத்துக்கொண்டு ஆமையார் உட்கார்ந்திருந்தார். அவர் நகர்ந்தால்தான் தண்ணீர் இறங்கும். பெரிய நியாயஸ்தர் என்று அவருக்குப் பேர்.

"தாகம் அதிகமா இருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல தண்ணி" என்றார். "எவ்வளவு தாகமோ அவ்வளவு தொண்டையை உப்பிக் காட்டுங்க. கொஞ்சம்னா மிளகு. தாங்கிக்கலாம்னா சுண்டைக்காய். உயிர் போகுதுன்னா நெல்லிக்காய்."

காலையில்தான் பனித்துளியை வயிறு முட்டக் குடித்திருந்த குண்டான் என்கிற ஆண் தவளை நெல்லிக்காயையும் தாண்டித் தொண்டையை உப்பினான். கூட்டம் ஆரவாரம் செய்தது. அவன் குழிக்குத் தண்ணீர் போயிற்று.

அடுத்து செம்பாயி என்கிற பெண் தவளை வந்தாள். அவளுடைய குட்டை காய்ந்து, குழந்தைகளான தலைப்பிரட்டைகள் சேற்றில் நெளிந்துகொண்டிருந்தன. ஆனால் பெண் பிள்ளை தொண்டையை உப்பினால் அம்மாக்காரி கன்னத்தில் அறையும் குலம் அது. மிளகுக்கு மேல் அவள் பிறந்ததிலிருந்து உப்பியதில்லை. அன்று வெட்கத்தை விட்டு, மூச்சைப் பிடித்து, சுண்டைக்காய் அளவுக்கு உப்பினாள்.

"தாங்கிக்குவே போலிருக்கே. அப்புறம் பாப்போம்" என்றார் ஆமையார்.

பின்னால் வந்த பெண்களும் அப்படியே உப்பினார்கள். "பெண்களுக்கு இயற்கையிலேயே தாகம் கம்மி" என்று ஆமையார் தீர்ப்புச் சொன்னார். ஒரு குட்டையையாவது எட்டிப் பார்த்தாரா என்றால், இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

மறுநாள் செம்பாயியின் குட்டையில் வெடிப்பு மட்டுமே இருந்தது. ஒரு குழந்தையும் மிஞ்சவில்லை. அவள் நேராகச் சுனைக்குப் போய், தொண்டை வலிக்க நெல்லிக்காய் அளவுக்கு உப்பி நின்றாள்.

"நேத்து சுண்டைக்காய், இன்னிக்கு நெல்லிக்காயா? ரொம்பத்தான் மிகைப்படுத்துறே" என்றார் ஆமையார். "நீ காட்டினதை வெச்சுத்தானே நான் முடிவு பண்ணினேன்? என் மேல என்ன தப்பு?"

செம்பாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உப்பினா அறை வாங்குறவ நான். உப்பினா சபாஷ் வாங்குறவன் அந்தக் குண்டான். ரெண்டு பேரையும் ஒரே நெல்லிக்காயை வெச்சு அளந்தீங்க. கம்மியாக் காட்டினா தாகம் இல்லேங்கிறீங்க, நெறையக் காட்டினா பொய்ங்கிறீங்க. என் புள்ளைங்க செத்துப் போச்சு. இனிமே உங்க கேள்விக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்?"

சொன்னவள் தன் தொண்டைப் பையைப் பற்றிக் கிழித்து அவர் ஓட்டின்மேல் வீசினாள். பின்னால் நின்ற பெண்களும் ஒருத்தி விடாமல் கிழித்து எறிந்தார்கள். ஆமையார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்றைக்குப் போனதுதான், பெண் தவளைக்குத் தொண்டைப் பை திரும்ப முளைக்கவே இல்லை. மழை விட்டதும் வயலோரம் காது கிழியக் கத்துவதெல்லாம் ஆண்கள்தான். அதைக் கேட்டுவிட்டுத்தான், தவளைகளின் குறை இன்னதென்று நமக்குத் தெரியும் என்கிறோம்.