குதிரையோட கட்டம்

"வெட்டுப்பட்ட காய் திரும்பி வருமாமே. நெசமாம்மா?"

தண்டபாணி கேட்டது அவ்வளவுதான். கேட்டுட்டு, படியேறின மூச்சு வாங்க, கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

உள்ள தரையில செஸ் பலகைக்கு முன்னாடி உக்காந்திருந்த அந்தம்மா நிமிர்ந்து பாத்தாங்க.

"உக்காருங்க."

"வருமா, வராதா?"

"உக்காருங்கன்னேன்."

கரூர்ல பஸ்ஸுக்கு பாடி கட்டுற ஷெட் ஒண்ணு. அதுக்கு மேல மாடி. கீழ தகரத்தை அடிக்கிற அடியில மேல காயெல்லாம் அதது கட்டத்துக்குள்ளயே நின்னு நடுங்கும். அங்கதான் கோகிலவாணி குடியிருந்தாங்க. பேருதான் கோகிலவாணி. ரெண்டு வார்த்தை பேசினா மூணாவது வார்த்தைக்கு நாளைக்கு வாங்கன்னு சொல்ற ஆளு. நாப்பது வயசு இருக்கும். எந்த ஊர்லயும் இல்லாத காய், எந்தப் புத்தகத்துலயும் இல்லாத விதி, இதை வச்சு செஸ் புதிர் கட்டுறதுதான் வேலை. கீழ ஷெட்காரங்க அதுக்கு வச்ச பேரு கோக்குமாக்கு செஸ். தேடி வர்றவங்க டீச்சர்ம்பாங்க.

தண்டபாணிக்கு அவங்களைவிட இருபது வயசு கூட. திருச்சிக்காரர். செஸ் போட்டியில ஆர்பிட்டர், அதாவது நடுவர். அவர் நடந்து வந்தா பசங்க வந்த தும்மலை அப்படியே முழுங்கிருவாங்க. வீட்ல குக்கர் விசிலடிச்சாக்கூட உதட்டுல விரலை வச்சு, திரும்பி ஒரு பார்வை பாப்பாரு. குக்கரும் அடங்கிரும்.

உக்காந்தாரு. பலகையைப் பாத்தாரு. ராணி தலைகீழா நின்னுச்சு. கை தானாப் போய் அதை நிமிர்த்தி வச்சுது.

"முன்ன இருந்த மாதிரி வைங்க."

"ராணி தலைகீழா நிக்குதேம்மா."

"ராணி இல்லீங்க. வெட்டுக்கிளி."

"என்னது?"

"முன்னாடி ஒரு ஆள் இருந்தா தாண்டிக் குதிக்கும். நம்ம ஆளோ, எதிராளோ. ஆள் இல்லைன்னா அசையாது."

"தனியா மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டதுதான்."

தண்டபாணி அதை மறுபடி தலைகீழா வச்சாரு. 

அப்புறம் அவருக்கே உரிய போட்டி ஹால் குரல் வந்துச்சு.

"இதெல்லாம் செஸ்ஸே இல்லம்மா."

"சரிங்க."

"விதின்னா விதி. ஒண்ணை மாத்தினா எல்லாம் போச்சு."

"ஒண்ணும் போகாமயா இவ்வளவு தூரம் வந்தீங்க?"



தண்டபாணி கண்ணு அலைஞ்சு போய் அலமாரியில நின்னுச்சு. ரெண்டு முகம் வச்ச பழைய முள்ளு கடிகாரம், ஆடுற ஆளுக்கு ஒரு முகம். அதைப் பாத்ததும் மனுஷன் முகத்துல கொஞ்சம் ரத்தம் வந்துச்சு.

"அட, கொடி வச்ச கடிகாரம்! நேரம் தீரத் தீர முள்ளு அந்தச் சிவப்புக் கொடியைத் தூக்கிட்டே போகும். தீந்ததும் டக்குனு விழும். விழுந்தா ஆட்டம் போச்சு."

"யாருமே பாக்கலைன்னா?"

"பாத்துச் சொன்னாத்தான் விழுந்ததா கணக்கு. அதுக்குத்தான ஆர்பிட்டர்? என் கண்ணுக்குத் தப்பி ஒரு கொடி விழுந்ததில்லம்மா."

"ம்."

கீழ நாலு அடி விழுந்துச்சு.

"யாருங்க போனது?"

"என் பையன். கபிலன்."

சொல்லிட்டு நிறுத்தினாரு. டீச்சர் அடுத்ததைக் கேக்கல. கேக்காததால அவரே சொல்ல வேண்டியதாப் போச்சு.

"மாநிலப் போட்டி. கடைசி ரவுண்டு. ஜெயிச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை. எதிராளி பாத்ரூம் போயிருந்தான். இவன் குதிரையைத் தொட்டான். தொட்டுட்டு, என்ன நினைச்சானோ, கையை எடுத்துட்டு யானைகிட்டப் போனான்."

"யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கல."

"ம்."

"நான் பாத்தேன்."

தொட்ட காயை நகர்த்தியே ஆகணும். குதிரையை நகர்த்தினா தோல்வி. ரெண்டும் அப்பனுக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும்.

"நகர்த்துன்னேன். நகர்த்தினான். வெளிய வந்து என்ன கேட்டான் தெரியுமா? 'நீங்க பாக்கலைன்னு இருந்திருக்கலாமேப்பா'ன்னான். பாத்ததை எப்படிடா பாக்கலைன்னு சொல்றதுன்னேன். பையைத் தோள்ல போட்டான். அப்படியே போயிட்டான். வருஷக்கணக்காச்சு."

"இப்ப எங்கிருக்காருங்க?"

"ஓசூர். லிஃப்ட் ரிப்பேர் பண்றானாம். அவன் கூட்டாளி அட்ரஸ்கூடக் குடுத்தான்."

"போனீங்களா?"

"நான் ஏன் போகணும்? எந்திரிச்சுப் போனது அவன். அடுத்த மூவ் அவனோடது."

டீச்சர் ஒரு சிப்பாயை எடுத்துத் தூசி தட்டினாங்க. தட்டித் திரும்ப வச்சாங்க.

"அவன் அம்மா அதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டா. நான் மாடியில அவன் ரூம்லயேதான் கிடக்கிறேன். அவன் கட்டில்லதான் படுக்கிறேன், அவன் போர்வையைத்தான் போத்திக்கிறேன். லைட்டைக்கூட அணைக்கிறதில்ல. எப்படியும் வந்துருவான்னு. இப்ப எனக்கு நெஞ்சுல அடைப்பாம். டாக்டர் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறாரு. அவர் சிரிக்கிறதைப் பாத்தாத்தான் பயமா இருக்கு. சொல்லும்மா. வெட்டுப்பட்ட காய் வருமா?"

"இந்த ஆட்டத்துல வரும்."

"எப்படி?"

"வெட்டினதும், அது பொறந்த கட்டத்துல கொண்டுபோய் வைக்கணும். அங்கிருந்து மறுபடி ஆடும்."

"குதிரை ரெண்டு இருக்கே. எந்தக் கட்டம்?"

"கறுப்புக் கட்டத்துல வெட்டுப்பட்டா கறுப்பு. வெள்ளையில வெட்டுப்பட்டா வெள்ளை."

விதின்னதும் தண்டபாணிக்கு முதுகு நிமிர்ந்துச்சு. டீச்சர் கறுப்புக் காயை ஆடினாங்க. நடுப் பலகையில, கறுப்புக் கட்டத்துல நின்ன வெள்ளைக் குதிரையை வெட்டி, அவர் கையில குடுத்தாங்க.

"வைங்க."

பரபரன்னு கொண்டு போனாரு. கடைசி வரிசை, கறுப்புக் கட்டம். கை அந்தரத்துல நின்னுச்சு.

"இங்க ஆள் இருக்கேம்மா."

"யாருங்க?"

"ராஜா. வெள்ளை ராஜா. காஸ்லிங் பண்ணி, யானையைக் காவல் வச்சு மூலையில ஒதுங்கி உக்காந்திருக்காரு."

"அப்ப வராதுங்க."

"அதுக்கு சொந்த ராஜாம்மா இது! எதிரி இல்ல!"

"யாரா இருந்தாலும்."

"அவரு வேணும்னு உக்காரலையே. பாதுகாப்பா..."



குதிரை கையிலயே இருந்துச்சு. அதை மெதுவாத் தரையில வச்சுட்டு எந்திரிச்சு, படியிறங்கிப் போயிட்டாரு.

வீட்டுக்கு வந்து அன்னிக்கே ரூமைக் காலி பண்ணினாரு. தன் மருந்து டப்பா, கண்ணாடி, வெந்நீர் பிளாஸ்க், எல்லாம் கீழ ஹாலுக்கு. கட்டிலுக்குப் புது விரிப்பு. லைட்டை அணைச்சாரு. ஹால்ல பாயைப் போட்டுப் படுத்தாரு.

வாசக் கேட்டு கிரீச்சுனுச்சு. எந்திரிச்சாரு. கேஸ் சிலிண்டர்.

மறுபடி கிரீச். எந்திரிச்சாரு. கொரியர். அதுவும் பக்கத்து வீட்டுக்கு.

மறுபடி கிரீச். ஓடினாரு.

காத்து.

அப்புறம் கேட்டு கிரீச்சுனாலும் எந்திரிக்கிறதில்ல. படுத்தபடியே தலையை மட்டும் தூக்குவாரு. அப்புறம் அதுவும் இல்ல.

ஒருநாள் எதிர்த்தாப்புல இஸ்திரி வண்டி வச்சிருக்கிற பிச்சைக்கண்ணு, சட்டையை மடிச்சுக் குடுத்துக்கிட்டே கேட்டாரு.

"சார், மாடி ரூம்ல வாடகைக்கு இருந்தவர் காலி பண்ணிட்டாரா?"

"வாடகையா? யாருக்கும் விடலையேப்பா."

"இல்லையே, ராத்திரியில ஜன்னல்ல பெரிய மனுஷன் ஒருத்தர் நிழல் தெரியுமே. லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்குமே."

"அது நான்தான்யா."

பிச்சைக்கண்ணு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வச்சாரு.

"அய்யய்யோ. போன பொங்கலுக்குத் தம்பி வந்துச்சு சார். இங்க, என் வண்டிகிட்டதான் நின்னுச்சு. கையில ஒரு ஸ்வீட் பாக்கெட். மாடியில எரிஞ்ச லைட்டையே அண்ணாந்து பாத்துச்சு. 'என் ரூமுக்கு ஆள் வச்சுட்டாரு போல'ன்னுச்சு. நானும் ஆமா, யாரோ வாடகைக்கு இருக்காங்க போலன்னுட்டேன் சார். ஸ்வீட்டை என் பேத்திக்குக் குடுத்துட்டுப் போயிருச்சு."

தண்டபாணி சட்டையை வாங்கிக்கிட்டாரு. வீட்டுக்குள்ள போனாரு. இஸ்திரி போட்ட சட்டையை மடியில வச்சுக்கிட்டு, வெளிச்சம் போற வரைக்கும் உக்காந்திருந்தாரு. மடியில சட்டை பூராவும் கசங்கிப் போச்சு.

மறுபடி கரூர்.

படியேறும்போது ரெண்டு தரம் உக்காந்து உக்காந்து ஏறினாரு. நிலையைப் பிடிச்சாரு.

"உங்க விதி பொய்."

"உக்காருங்க."

"உக்கார வரல. காலி பண்ணிட்டேன். அவன் கட்டம் காலியாக் கிடக்கு. தினம் கூட்டுறேன். வரல. வந்தவனும் போயிட்டான், ஸ்வீட்டோட வந்தவன்! வாசலுக்கு வந்த புள்ளையை நானே படுத்துக்கிட்டு விரட்டியிருக்கேன். இனி அவன் வரமாட்டான். நான் சாகத்தான் போறேன். வந்து கொள்ளி வைப்பானோ, அதுவும் மாட்டானோ. உங்க வெட்டுக்கிளி, உங்க குதிரை, எல்லாம் பொய்."

"ஆடலாங்களா?"

"என்னம்மா நீ மனுஷிதானா?"

டீச்சர் எந்திரிச்சு அலமாரியிலிருந்து கடிகாரத்தை எடுத்தாங்க. சாவி குடுத்தாங்க. தன் பக்கத்து முள்ளைப் பன்னெண்டுக்குக் கிட்டத்துல திருப்பினாங்க. சிவப்புக் கொடி முள்ளு மேல ஏறிக்கிச்சு. பலகைக்குப் பக்கத்துல வச்சு, தன் பக்கத்தை ஓடவிட்டாங்க.

கடிகாரம் ஓடுனா தண்டபாணியால நிக்க முடியாது. அது பழக்கம். உக்காந்தாரு.

அதே பலகை. அதே வெள்ளைக் குதிரை. ஆனா ராஜா இந்தத் தடவை தள்ளி நின்னாரு. குதிரையோட கட்டம் காலி.

டீச்சர் கறுப்புக் காயால குதிரையை வெட்டினாங்க. வெட்டின குதிரையைக் கைக்குள்ள மூடிக்கிட்டாங்க.

மூடிக்கிட்டு, உக்காந்திருந்தாங்க.

தண்டபாணி காத்திருந்தாரு.

டீச்சர் ஜன்னலைப் பாத்தாங்க.

கீழ சோத்து வேளை வந்து தகர அடி நின்னுச்சு. ஷெட் அமைதியாச்சு. கடிகாரச் சத்தம் மட்டும் ரூம் பூரா நடந்துச்சு.

"அம்மா."

"ம்."

"குதிரையை வைக்கலையே."

"கட்டம் காலியாத்தான இருக்கு? வரட்டும்."

"வரட்டுமா?"

"காத்திருக்கேன்."

முள்ளு கொடியைத் தூக்கிக்கிட்டே போச்சு. தண்டபாணி பலகைகிட்ட நகர்ந்து வந்தாரு.

"வைங்கம்மா."

"எந்திரிச்சுப் போனது அது. அதுதான் வரணும்."

"அதுவா எப்படிம்மா வரும்? மரக்கட்டைக்குக் கால் இருக்கா? உங்க கைக்குள்ள இருக்கு!"

"ம்."

"நேரம் போகுதும்மா!"

"போகட்டும். அடுத்த மூவ் அதோடது."

அவ்வளவுதான். முப்பது வருஷ ஆர்பிட்டர் முட்டி போட்டு எந்திரிச்சுட்டாரு. விரல் நீண்டுச்சு. ஹால் குரல் முழுசா வந்துச்சு, ஷெட்ல சாப்பிடுறவன் கையில சோத்தோட அண்ணாந்து பாக்கிற அளவுக்கு.

"என்ன ஆட்டம்மா இது! வெட்டினவங்கதான் வைக்கணும்! வெட்டின கையாலதான் கொண்டுபோய் வைக்கணும்! வைக்காம உங்க மூவே முடியல! அடுத்தவன் மூவ்னு நினைச்சு உக்காந்திருக்கீங்களா? ஓடுறது உங்க கடிகாரம்மா, உங்க..."

விரல் நீண்டபடியே நின்னுச்சு.



டீச்சர் கையைத் திறந்தாங்க. உள்ளங்கை வியர்வையில குதிரை பளபளன்னு இருந்துச்சு. அதைப் பலகையில வைக்கல. அவர்கிட்ட நீட்டினாங்க.

அவர் வாங்கினாரு. ரெண்டு கையாலயும் வாங்கினாரு.

அப்ப கடிகாரத்துல 'டக்'னு ஒரு சத்தம்.

உலகத்துல எந்தச் சத்தம் தப்பினாலும் அவர் காதுக்குத் தப்பாத சத்தம் அது. கழுத்து தானா அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பிச்சுது.

பாதியில நின்னுச்சு.

"சார், கொடி விழுந்துருச்சுங்களா?"

தண்டபாணி கண்ணை இறுக்கி மூடினாரு.

"நான் பாக்கலம்மா."