பல்லி தன் நாக்கைக் கடித்துக்கொண்ட கதை

அந்தக் காலத்தில், அதாவது தூத்துக்குடித் தெருக்களில் வைஃபை டப்பா வந்திறங்கிய முதல் வருஷத்தில், பல்லிகள் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. நம்பாதவர்கள் அப்புறம் சண்டைக்கு வாருங்கள், கதை அவசரம்!

சகாயமேரியின் கணவன் ரெமிஜியுஸ் கப்பலில் வேலை பார்த்தான். கப்பல் கரை தொட்டால்தான் பேச முடியும், அதுவும் பத்தே நிமிஷம். அன்று மத்தியானம் அவன் அழைப்பு வந்தது. அவர்களுடைய குழந்தை அந்த வாரம்தான் நடக்கப் பழகியிருந்தாள்.

"இங்க பாருங்க, ஒங்க மக நடக்கா!" என்று சகாயமேரி போனைத் திருப்பினாள். படம் அப்படியே நின்றுவிட்டது. நான்கு நிமிஷம் போயிற்று, அசையவில்லை.

"மாதாவே, இனி மூணு மாசம் கழிச்சில்ல கூப்பிடுவாவ!" அவளுக்கு அழுகை முட்டியது.

டப்பாவுக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்குப் பொறுக்கவில்லை. "யக்கா, தப்பு எம்மேலதான். டப்பா முதுகுல ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் படிச்சுப் பூனைகிட்ட சொன்னேன். காக்காகிட்டயும் சொன்னேன். அதுங்க ஊருக்கே சொல்லிட்டுதுங்க!"

சகாயமேரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அடேயப்பா! ஏழு பூனைகள் வரிசையாக உட்கார்ந்து மீன் பொரிக்கும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தன. முருங்கை மரத்தில் காகங்கள் கேம் ஆடின. எதிர்வீட்டு ஆடு ஒரு முழுச் சினிமாவையே இறக்கிக்கொண்டிருந்தது.

"அட பாவி, ஓசியில ஊரே மேயுதே!"

திட்ட நேரமில்லை. பழைய பாஸ்வேர்டை அழித்துப் புதிதாக ஒன்றைப் போட்டாள். வெளியே எல்லாப் படமும் ஒரே சமயத்தில் நின்றது. அவள் திரும்ப அழைத்தாள்.

"மேரி, தெரியுது, தெரியுது!" என்று ரெமிஜியுஸ் கத்தினான். இன்னும் மூன்று நிமிஷம்தான்.

பூனைகளும் காகங்களும் ஜன்னலில் வந்து அப்பிக்கொண்டன. "புதுசா என்ன போட்டா? நீ பாத்திருப்பியே, சொல்லு மச்சான்!"

பல்லி பார்த்துத்தான் இருந்தது. தெரிந்ததைச் சொல்லாமல் இருந்து அதற்குப் பழக்கமே இல்லை. நாக்கு துறுதுறுத்தது, வாயும் திறந்துவிட்டது. அந்த நேரத்தில் குழந்தை சுவரைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். ஒரு சொல் சொன்னால் படம் மறுபடி நிற்கும். பல்லி நறுக்கென்று தன் நாக்கைக் கடித்துக்கொண்டது.

குழந்தை ஐந்து அடி நடந்து பொத்தென்று உட்கார்ந்தாள். ரெமிஜியுஸ் அழுதான், சிரித்தான், மறுபடி அழுதான். இணைப்பு அறுபடவே இல்லை. எனக்கே இப்போது கண் கலங்குகிறது.

"நல்லாருப்ப ராசா!" என்றாள் சகாயமேரி பல்லியிடம். பல்லி பதில் சொல்லப் பார்த்தது. "ச்சு, ச்சு" என்றுதான் வந்தது.

அன்று முதல்தான் பல்லி இனத்துக்கே பேச்சு நின்றுபோனது. வீட்டு ரகசியம் அத்தனையையும் சுவரில் இருந்து பார்த்தாலும், யார் வந்து எப்படிக் கெஞ்சினாலும், "ச்சு, ச்சு" என்பதற்கு மேல் அதனிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியாது.