கெண்டை கொடுத்த இரவல் கை

“முதுகு அரிக்குது, முதுகு அரிக்குதுன்னு விடிஞ்சதுலேர்ந்து கத்துறேன். ஊர்ல உள்ளவன் முதுகையெல்லாம் சொறிஞ்சு முடிச்சு, கட்டினவனுக்குன்னு வரும்போது மட்டும் உனக்குக் கை வலிக்குது.”

அந்தக் காலத்தில், மீனும் நண்டும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாட்களில், கண்மாய்த் தண்ணீருக்குள் ஒவ்வொரு காலையும் இந்தப் புகாரோடுதான் தொடங்கியது. சொன்னவன் இருளப்பன் என்ற கெண்டை. கேட்டுக்கொண்டிருந்தவள் அவன் மனைவி சீனியம்மா. கேட்டாள் என்று சொல்வதுகூடத் தப்பு. அவள் முன்னால் பதினேழு மீன்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. புருஷன் பேச்சைக் கேட்க அவளுக்கு எங்கே நேரம்?

அப்போது மீன் குலம் முழுவதற்கும் ஒரே ஒரு ஜோடிக் கைதான் இருந்தது. மாட்டிக்கொள்ளலாம், கழற்றி வைக்கலாம். படைத்தவனுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ, குரங்குக்கும் அணிலுக்கும் ஆளுக்கு இரண்டு என்று அள்ளிக் கொடுத்தவன், மீன்களிடம் வரும்போது, “இந்தாங்க, எல்லாரும் பங்கு போட்டுக்கங்க” என்று ஒரு ஜோடியை எறிந்துவிட்டுப் போய்விட்டான். பொதுச்சொத்தின் கதி தெரிந்ததுதானே. விரால் எடுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் போட்டுவிட்டு வந்தது. கெளுத்தி மீசையை நீவிக்கொள்ள வாங்கிப்போய் மாதக்கணக்கில் தரவில்லை. கடைசியில் எல்லோரும் கூடி, “சீனியம்மாதான் ஒழுங்கா வச்சுக்குவா, அவகிட்டயே இருக்கட்டும்” என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒழுங்கானவள் என்று பெயர் வாங்குவதைப்போல ஒரு தண்டனை உலகத்தில் கிடையாது. அன்றிலிருந்து கண்மாயில் யாருக்கு எங்கே அரித்தாலும் சொறிந்துவிடுவது அவள் வேலை.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. அடுத்த வருடமும் ஏமாற்றியது. கண்மாய் சுருங்கிச் சுருங்கி, மடைக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. கரையில் கொக்குகள் பந்திக்கு இலை போடக் காத்திருப்பவர்களைப்போல வரிசையாக உட்கார்ந்தன. சீனியம்மாவின் இருநூறு குஞ்சுகளும் ஒரு மாட்டுக் குளம்படிக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவள் தினமும் எண்ணிப் பார்ப்பாள். பிறகு தண்ணீரைப் பார்ப்பாள். இன்னும் நான்கு நாள், மிஞ்சினால் ஐந்து.

அப்படியொரு உச்சிப்பொழுதில் ஒச்சாயி வந்தாள். அவள் நண்டு. அப்போது நண்டுகளுக்கு எட்டுக் கால் உண்டே தவிரக் கை கிடையாது. வயிற்று மடிப்புக்குள் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு, பக்கவாட்டில் நடந்து வந்து நின்றாள்.

“வந்துட்டா கோணக்காலி. ஏதோ கேக்கத்தான் வந்திருப்பா” என்றான் இருளப்பன், அவளுக்குக் கேட்கும்படியாகவே.

“ஆமா தம்பி, கேக்கத்தான் வந்தேன். உன்கிட்ட இல்ல, உன் பொண்டாட்டிகிட்ட.” ஒச்சாயி சீனியம்மாவின் பக்கம் திரும்பினாள். “இந்தப் பள்ளத்துக்கு அடியில ஊத்து ஒண்ணு இருக்கு, சீனி. வயித்தை வச்சுப் படுத்தா ஜில்லுனு தெரியுது. எட்டுக் காலாலயும் பிராண்டிப் பாத்துட்டேன். ஊசிய வச்சு மதிலை இடிச்ச கதையா இருக்கு. அந்தக் கையக் குடு. மூணு நாள்ல தண்ணியக் கொண்டாந்துடுறேன்.”

“குடுக்காதே” என்றான் இருளப்பன். “போன வருஷம் ஒரு கிளிஞ்சல் வாங்கிட்டுப் போனா. ஓரம் உடைஞ்சு வந்துச்சு. கேட்டதுக்கு, வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சுன்னா.”

“அப்படித்தான் இருந்துச்சு” என்றாள் ஒச்சாயி.

“மதினி, அதை விடுங்க. கை எப்ப திரும்பி வரும்?” என்றாள் சீனியம்மா.

“வேலை முடிஞ்ச மறு நிமிஷம்.”

இரவல் வாங்குகிறவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். பக்கத்து வீட்டுக்குப் போன இட்லித்தட்டு தானாக நடந்து திரும்பி வந்ததாக எந்த ஊரிலும் பேச்சில்லை. சீனியம்மாவுக்கும் அது தெரியும்.

“நாமளே தோண்டிப் பாக்கலாமே” என்றான் இருளப்பன்.

“தண்ணி வருமான்னு நேத்தே தோண்டிப் பாத்துட்டேன். கை இருக்கு, ஊனி நிக்கக் கால் எங்க இருக்கு? ஒரு குத்து குத்தினா நான்தான் நாலு முழம் பின்னால போறேன்.”

“ஊர்ப் பொருள்டி. தொலைஞ்சா ஊரே உன்னைத்தான் கேக்கும்.”

“தண்ணி போயிருச்சுன்னா கேக்க ஊர் எங்க இருக்கும்? கொக்கு வயித்துக்குள்ள இருந்தா கேப்பாங்க?”

அவள் யாரையும் கூட்டவில்லை. கூட்டியிருந்தால் பேசி முடிப்பதற்குள் பள்ளம் காய்ந்திருக்கும். குளம்படிக்குள் கிடந்த குஞ்சுகளை ஒருமுறை பார்த்தாள். இரண்டு கைகளையும் கழற்றி ஒச்சாயியின் தோளில் தானே மாட்டிவிட்டாள்.

“பத்திரம் மதினி. சேறு ஒட்டினா அன்னன்னைக்கே கழுவிடுங்க.”

ஒச்சாயி தோண்டினாள். முதல் நாள் கால் முழ ஆழம்கூடப் போகவில்லை. இரண்டாம் நாள் கண்மட்டும் வெளியே தெரிந்தது. முதுகு சொறிய ஆளில்லாமல் மீன்கள் நெளிந்தன, முனகின, சீனியம்மாவை வாய்க்கு வந்தபடி பேசின. மூன்றாம் நாள் தண்ணீர் முதுகுத் துடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு கொக்கு எழுந்து நின்று சோம்பல் முறித்தது. அந்த நேரத்தில்தான் பள்ளத்தின் அடியிலிருந்து ஒரு குமிழி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு குளிர்ந்த தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தது. குஞ்சுகள் குளம்படியைவிட்டு வெளியே சிதறி ஓடின. கொக்கு மறுபடி உட்கார்ந்துகொண்டது.

ஒச்சாயி சொன்ன சொல் தவறவில்லை. மறு நிமிஷமே வந்து நின்றாள். ஆனால் கை கழலவில்லை.

மூன்று நாளும் கழுவ நேரமில்லாமல் களிமண்ணிலேயே கிடந்த கை, ஓடுபோல இறுகிப்போயிருந்தது. விரல்களெல்லாம் ஒட்டி, இரண்டே இரண்டாகி, இடுக்கிமாதிரி ஆகிவிட்டது. இருளப்பன் ஒரு நுனியைக் கவ்விக்கொண்டு இழுத்தான். விரால் அவன் வாலைக் கவ்விக்கொண்டு இழுத்தது.

“விடுங்கடா, என் தோள்பட்டையே வந்துரும் போலிருக்கு” என்று அலறினாள் ஒச்சாயி. பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “சீனி, மழை வந்தா நான் ஓடு கழட்டுவேன். உடம்பு மொத்தமும் சட்டைமாதிரி கழண்டு வரும். கையும் அதோட வந்துரும். கல்லுக்குப் பக்கத்துல வச்சுட்டுக் கூப்பிடுறேன்” என்றாள்.

மழை வந்தது. கண்மாய் கரை தொட்டு நின்றது. ஒருநாள் பாறைக்கல்லுக்குப் பக்கத்தில், சொன்ன இடத்தில், இரண்டு கைகளும் கிடந்தன. சீனியம்மா பாய்ந்து போய் எடுத்தாள். வெங்காயத் தோல் கனம்கூட இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் கூடு. கல்லின் இடுக்கில் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒச்சாயி ஓடில்லாமல், பிசைந்த மாவுபோல மெத்தென்று, கண்ணை மூடிக்கொண்டு ஒடுங்கி இருந்தாள். அவள் தோளில் புத்தம் புதிதாக இரண்டு கை முளைத்திருந்தது.

“மதினி.”

வெட்கமோ பயமோ, ஒச்சாயி இன்னும் உள்ளே தள்ளிப் போனாள்.

சீனியம்மாவுக்குப் பின்னால் மீன் கூட்டம் முழுவதும் வந்து நின்றது. முன்னால் இருளப்பன். ஒரு வருடத்துத் திட்டைச் சேர்த்து வைத்திருந்தான், முகத்திலேயே தெரிந்தது. அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதவைத் தட்டக் கையில்லாததால், சீனியம்மா தன் விலாவால் கல்லை ஒரு தட்டுத் தட்டினாள். தட்டியது சறுக்கி, அரித்த இடத்தில் உரசலாகப் போனது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். இன்னொரு முறை தட்டினாள். இந்தத் தடவை கொஞ்சம் மேலே, துடுப்புக்குக் கீழே.

“என்னடி பண்றே?” என்றான் இருளப்பன்.

“கூப்பிடுறேன்.”

“கூப்பிடுறவ மூஞ்சி இப்படியா இருக்கும்?”

“நீங்களும் வந்து கூப்பிட்டுப் பாருங்க.”

இருளப்பன் கல்லில் ஒரு உரசு உரசினான். ஒரு வருடத்துத் திட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. வாயைத் திறந்தான், மூடினான், சுற்றி வந்து மறுபக்க விலாவையும் காட்டினான்.

“இருந்தாலும் கை போச்சுல்ல” என்றது கூட்டத்துக்குள்ளிருந்து கெளுத்தி.

“போச்சு” என்றாள் சீனியம்மா. “அரிக்கிறதுக்கு முதுகு இருக்குல்ல? அதுவே அந்தக் கை தோண்டிக் குடுத்ததுதான். அவ ஏமாத்தல. ஓடு கழட்டினதும் சொன்னபடி வாசல்ல கொண்டாந்து வச்சா பாருங்க. இந்தத் தடவை வெறுங்கூடு வந்துச்சு. அடுத்த தடவை கையே வரும். அதுவரைக்கும் வந்து கேட்டுட்டுப் போவோம். கேக்குறதுக்கு என்ன குறைச்சல்?”

பதினேழு மீன்களும் முண்டியடித்துக்கொண்டு கேட்கப் போயின. அன்றைக்கு முதல்முறையாகச் சீனியம்மா தன் குஞ்சுகளோடு சும்மா நீந்தினாள்.

அன்று முதல்தான், உடம்பில் ஒரு புள்ளி இல்லாமல், ஒரு செதில் நலுங்காமல் நன்றாகத் தின்று நன்றாக நீந்திக்கொண்டிருக்கும் மீன்கூட, திடீரென்று ஒருக்களித்துப் பாய்ந்து கல்லில் ஒரு உரசு உரசிவிட்டுப் போகிறது. கண்மாய்ப் பாறை என்றில்லை, கூடத்துக் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கோட்டை, காற்றுக்குழாய், கூழாங்கல் எல்லாம் அதற்கு ஒன்றுதான். எதன் பின்னால் ஒச்சாயி உட்கார்ந்திருக்கிறாளோ, யார் கண்டது. தொட்டிக்காரர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்கிறார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மீன் அவரைச் சட்டை செய்வதில்லை. சுற்றி வந்து, விலாவை லேசாகச் சாய்த்து, மறுபடி ஒரு தட்டுத் தட்டுகிறது.

“மதினி, உள்ள இருக்கீங்களா? அந்தக் கையக் கொஞ்சம் குடுங்களேன்.”