நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு

“கேட்டதை வாங்கிக் கொடுத்தோம். வாங்கினதும் எங்களை மறந்துட்டாங்க. இது என்ன நியாயம் சாமி?”

கேட்டவர் மாதையன், மேற்குமலை மக்கள் கட்சியின் தலைவர். வயது எழுபத்திரண்டு. மலையடிவார மடத்துச் சாமி அவரைவிட முப்பது வயது இளையவர். அதைப் பற்றி இருவருக்கும் கவலையில்லை.

மாதையன் கொட்டித் தீர்த்தார். மலைக்காரர்களுக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்று இரண்டே சைக்கிளில் கொடி கட்டித் தொடங்கிய கட்சி. உண்ணாவிரதம், மறியல், சிறை. ஒரு தேர்தலில் இரண்டு எம்.எல்.ஏ.க்கள்கூட ஜெயித்தார்கள். பிறகு மாவட்டமே வந்துவிட்டது. ஊரெல்லாம் வெடி வெடித்தார்கள். அடுத்த தேர்தலில் டெபாசிட் போனது. இந்தத் தேர்தலில் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு.

“அதுல ஆறு என் வீட்டு ஓட்டு” என்றார்.

“இப்ப என்ன செய்யப் போறீங்க தலைவரே?”

“இந்த மாவட்டத்தையும் ரெண்டாப் பிரிக்கச் சொல்லிப் போராடினா, கட்சி எந்திரிச்சு நின்னுடும். சாமி ஆசீர்வாதம் பண்ணணும்.”

சாமி சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

“முதமுதல்ல சுவத்துல என்ன எழுதுனீங்க?”

மாதையனுக்கு அது மனப்பாடம். அவரே சுண்ணாம்படித்து, அவரே நீலத்தில் எழுதியது: ‘மனு கொடுக்கப் போனவர் மதியச் சோற்றுக்கு வீடு திரும்ப வேண்டும்.’ அப்போதெல்லாம் கலெக்டரைப் பார்க்க மூன்று பஸ் மாற வேண்டும். ஒரு ராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுக்க வேண்டும்.

“நாளைக்குத் திங்கள், மனு வாங்குற நாள். புது கலெக்டர் ஆபீஸ்ல சாயங்காலம் வரை உக்காருங்க. எத்தனை பேர் கும்பிடுறாங்கன்னு எண்ணிட்டு வாங்க. அப்புறம் ஆசீர்வாதம்.”

மாதையன் போனார். துண்டை எடுப்பாகப் போட்டுக்கொண்டு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒருவரும் கும்பிடவில்லை. போலீஸ்காரர் ஒருவர் மட்டும் வந்து, மனு கொடுப்பதென்றால் வரிசையில் நிற்கச் சொன்னார்.

ஒரு பெண் தன் பையை அவர் பக்கத்தில் வைத்து, பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அரைமணியில் திரும்பினாள்.

“மனு கொடுத்தாச்சாம்மா?”

“ஆச்சுங்கண்ணா. பத்தரை பஸ்ஸைப் புடிச்சா, போயி மதியத்துக்குச் சோறாக்கிடுவேன்.”

இந்த ஆபீஸ் எப்படி வந்தது தெரியுமா என்று அவர் கேட்டுப் பார்த்தார். கவர்மெண்டு கட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மாதையன் எழுந்து நின்றார். தேர்தல் முடிவு வந்த நாளில்கூட அழாதவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வருத்தமில்லை, அத்தனை சந்தோஷம்.

வெயில் உச்சிக்கு ஏறும் முன்பே மடத்துக்கு வந்துவிட்டார்.

“சாயங்காலம் வரை இருக்கச் சொன்னேனே. எத்தனை பேர் கும்பிட்டாங்க?”

“ஒருத்தர்தான் சாமி.”

“யாரு?”

“நான்தான். ஒரு பஸ்ஸைப் பார்த்து.”

சாமி எழுந்தார். “சரி, போராட்டத்துக்கு ஆசீர்வாதம் வாங்கிக்கறீங்களா?”

மாதையன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

“இன்னொரு நாளைக்கு வர்றேனுங்க. வீட்டுக்காரி சோறாக்கி வெச்சிருப்பா. கட்சி ஆரம்பிச்சதுல இருந்து மதியச் சோத்துக்கு நான் வீட்டுக்குப் போனதே இல்லை.”