தரையை அடித்த கை

சிற்றாற்றங்கரையில் இருந்த அந்த மடத்துக்குச் சந்தோஷமாக யாரும் வந்ததில்லை. சந்தோஷமாக இருப்பவர்களுக்கு மடம் எதற்கு? வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பாரத்தைக் கொண்டுவந்து இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். பொழுது சாயும்போது சாமியாருக்கு இடுப்பு வலிக்கும்.

அன்று கடைசியாக வந்தவர் கோமதிநாயகம், பஸ் கண்டக்டர். அந்த மடத்தின் பழைய சீடர், வயதிலும் சாமியாரைவிட மூத்தவர். வழக்கமாக வந்து, மனம் என்றால் என்ன, ஆசையை அறுப்பது எப்படி என்று பெரிய கேள்விகளாகக் கேட்பார். அன்று டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு நேராக வந்திருந்தார். வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது.

"சாமி சௌக்கியமா?"

"முடியல வே. இன்னைக்குக் காலையிலேருந்தே இடுப்பு வலி. உக்காரும்."

கோமதிநாயகத்துக்கு இது எப்போதும் ஒரு சங்கடம். ஊருக்கே ஆறுதல் சொல்லும் மனுஷன் இப்படி வாயைத் திறந்து முடியவில்லை என்று சொல்லலாமா? கேட்காத மாதிரி உட்கார்ந்தார்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல சாமி."

சாமியார் மேலே கேட்கவில்லை. சுக்குவெந்நீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். கோமதிநாயகம் இடது கையால் வாங்கிக்கொண்டார்.

அன்று அவர் மனத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மகளைப் பற்றிக் கேட்டார். தர்ஷினி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கொஞ்ச நாளாகவே பள்ளிக்குக் கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது. டியூஷனுக்குக் கிளம்பும் நேரம் வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். தூங்கும்போது அம்மாவின் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொள்கிறாள், பால்குடிப் பிள்ளை மாதிரி. அதட்டியும் பார்த்தாயிற்று, புரோட்டா வாங்கிக் கொடுத்தும் பார்த்தாயிற்று.

"கேட்டா என்ன சொல்லுதா?"

"ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுதா சாமி. எப்படிக் கேட்டாலும் அந்த ஒரே வார்த்தைதான்."

பயந்துபோயிருந்தார் மனுஷன். பேப்பரில் படித்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது என்றார். எவன் என்று மட்டும் தெரிந்தால் கையை ஒடித்துவிடுவேன் என்றார். உடனே, அப்படி யாரும் இல்லாமலும் இருக்கலாம் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

"டியூஷனுக்கு இப்பவும் அனுப்புதீரா?"

"போன வாரம் நாந்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி விட்டேன்."

"இனி அனுப்ப வேண்டாம். என்னன்னு தெரியுத வரைக்கும்."

கோமதிநாயகம் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, அவள் வாயைத் திறந்தால்தானே தெரியும், யாரிடமிருந்து இந்தப் பிடிவாதத்தைக் கற்றுக்கொண்டாளோ என்று பெருமூச்சு விட்டார்.

சாமியார் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றே கோமதிநாயகம் நினைத்தார்.

"உம்ம புள்ள நடை பழகும்போது விழுந்திருப்பாள்லா?"

விழாத பிள்ளை உண்டா என்று கேட்ட கோமதிநாயகத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவள் விழுந்தால் முதலில் ஓடுவது இவர்தானாம். "இந்தத் தரைதானே எம்புள்ளைய அடிச்சுது" என்று தரையைப் பளார் பளாரென்று அடிப்பாராம். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்பாராம். அழுகை சட்டென்று நின்றுவிடுமாம்.

"அப்படியே முழிச்சுக்கிட்டு என் கையவே பாக்கும் சாமி. கெட்டிக்காரப் புள்ள."

"நீரு தரைய அடிக்கும்போது புள்ள எங்க இருக்கும்?"

"அங்கனதான். கீழ."

கோமதிநாயகம் தொடர்ந்து பேசினார். அவள் வளர்த்த பூனை லாரியில் அடிபட்டபோது, ஒண்ணுமில்ல, வேறு பூனை வாங்கிக்கலாம் என்றாராம். கூடவே திரிந்த சிநேகிதி வேறு ஊருக்குப் போனபோது, இதெல்லாம் ஒரு விஷயமா, ஒண்ணுமில்ல என்று கண்ணைத் துடைத்துவிட்டாராம். அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். தன் வாயிலிருந்து வந்த அந்த ஒரே வார்த்தை அவருக்கே கேட்டுவிட்டது.

"கைக்கட்ட அவுத்துக் காட்டும்."

"அது ஒண்ணு..." என்று ஆரம்பித்தவர் மீதியை விழுங்கிக்கொண்டார்.

கைக்குட்டை காயத்தோடு ஒட்டியிருந்தது. சாமியார் வெந்நீரைத் தொட்டுத் தொட்டு நனைத்து மெதுவாகப் பிரித்தார். இரண்டு விரல்கள் வீங்கியிருந்தன. ஒரு நகம் கறுத்து, ஓரத்தில் தோல் பிய்ந்திருந்தது. சாமியார் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை, மருந்தும் சொல்லவில்லை.

"ரொம்ப வலிக்குமே வே."

அவ்வளவுதான்.

"வலிக்கு சாமி. உசுரு போகுது."

சொல்லிவிட்டு அழுதார். காக்கிச் சட்டையோடு ஒரு பெரிய மனுஷன் அழுவது பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. அழுதுகொண்டே, யாரும் கேட்காததையெல்லாம் சொன்னார். பஸ் கதவில் விரல் நசுங்கியது, நசுங்கிய கையோடு கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் கிழித்தது, நின்று நின்று காலில் நரம்பு சுருண்டுபோனது, வீட்டுக்குப் போகவே சில நாள் பயமாக இருப்பது. கடைசியில், டியூஷன் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பியபோது மகள் தன் சட்டையைப் பிடித்ததையும், தான் அந்தக் கையை எடுத்துவிட்டதையும் சொன்னார். மடியில் இருந்த அவர் கையைச் சாமியார் விடவே இல்லை.

பிறகு சாமியார் பழைய வேட்டியைக் கிழித்து, காயத்தைத் துடைத்து, புதிதாகக் கட்டுப்போட்டார். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்.

கோமதிநாயகம் எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"நான் போயி அவகிட்ட எப்படிக் கேக்கணும் சாமி?"

"கேக்க வேண்டாம். கையக் காட்டும்."

"காட்டி?"

"வலிக்குன்னு சொல்லும்."

கோமதிநாயகம் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டார்.

"அவ அழுதா?"

"அழட்டும். நீரு பக்கத்துலயே இரும்."

"ஒரு பேரச் சொன்னா? சொன்னா நான் சும்மா இருக்க முடியுமா?" அடிபடாத கை தானாக மூடிக்கொண்டது. அப்போதே கிளம்பிவிடுவார் போல நின்றார்.

சாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"சும்மா இருக்கச் சொல்லல. போலீஸ் ஸ்டேஷனுக்குன்னாலும் நானும் கூட வாரேன். தரை எங்கயும் ஓடிப் போயிராது வே. மொதல்ல புள்ளையத் தூக்கும்."