இடப்பக்கம் மட்டும் திரும்பிய முயல்

பனிமலைக் காட்டில் ஓர் ஏரி. குளிர்காலம் வந்தால் அது உறைந்து கெட்டியாகிவிடும். இக்கரையில் தின்ன ஒன்றும் இருக்காது. அக்கரையில் மரப்பட்டை உண்டு. ஆனால் போகிற வழியில் ஓநாய் உண்டு. வருஷத்துக்கு நாலைந்து முயல்கள் அதன் வாய்க்கே போய்ச் சேர்ந்தன.

அதனால் வளர்ந்த முயல்களுக்கெல்லாம் சறுக்குப் பயிற்சி முகாம் போட்டார் நீர்நாய் மாஸ்டர். அவர் பழைய பந்தய வீரர். காலில் மூங்கில் பட்டையைக் கட்டிக்கொண்டு எல்லாரும் ஏரியில் வட்டமடித்தார்கள்.

"முழங்காலை மடக்கு. முதுகைத் தாழ்த்து. பின்னால உதைக்காதே, பக்கவாட்டில தள்ளு. வளைவு வந்தா வலக்காலைத் தூக்கி இடக்காலுக்கு அந்தப் பக்கம் வை."

கமலம் என்ற முயல் மூன்றே நாளில் பறந்தாள். அவள் புருஷன் சடையப்பன் இருக்கிறானே, வளைவு வந்தால் வலப்பக்கம் சாய்ந்து தொப்பென்று விழுவான்.

"மாஸ்டர், வலப்பக்கம் எப்படித் திரும்பறது?" என்று கேட்டான்.

"பந்தயத் தடம் எப்பவும் இடப்பக்கம்தான்யா வளையும். இந்தப் பக்கமே ஒழுங்கா திரும்ப வரலை, கேள்வி வேற."

கமலத்துக்கு மானம் போனது. "சும்மா இருங்களேன். உங்க பக்கத்துல நிக்கவே கூச்சமா இருக்கு."

கரை நாணலுக்குள் இரண்டு ஓநாய்கள் படுத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன.

"எத்தனை சுத்து சுத்தினாலும் இடப்பக்கம்தான் திரும்புதுங்க" என்றது ஒன்று.

"அப்ப நான் அந்தப் பக்கமே படுத்துக்கறேன். நீ எதிர்ல போய் மிரட்டு" என்றது மற்றது.

பதினோராம் நாள் முயல்கள் அக்கரைக்குக் கிளம்பின. பாதி ஏரியில் முதல் ஓநாய் எதிரே வந்து நின்று உறுமியது. அவ்வளவுதான். பழகிய கால்கள் தாமாக இடப்பக்கம் திரும்பின. எல்லாருக்கும் முன்னால் போனவள் கமலம். இடப்பக்கக் கரையை அவள் நெருங்கியபோது நாணல் அசைந்தது.

"கமலம், வலப்பக்கம் வா!" என்று கத்தினான் சடையப்பன். அவன் வழக்கம்போல் வலப்பக்கம் விழுந்து உருண்டுகொண்டிருந்தான்.

"எனக்கு அது தெரியாதுங்க" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

ஓநாய்கள் இரண்டும் கமலத்தை இழுத்துப் போன நேரத்தில், பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழுந்து எப்படியோ தப்பினார்கள். சடையப்பன் அக்கரை சேர்ந்தான். மரப்பட்டை நிறைய இருந்தது. அவன் எதையும் தொடாமல் ஏரியைப் பார்த்து உட்கார்ந்தான்.

"நான் சொல்லிக் கொடுத்ததுல தப்பே இல்லையேப்பா" என்று முனகினார் கூடவே வந்திருந்த மாஸ்டர்.

"தப்பில்லைங்க மாஸ்டர். பாதிதான் சொல்லிக் கொடுத்தீங்க" என்றான் சடையப்பன்.

எவ்வளவு வேகமாக ஓடினாலும், ஒரே பக்கம் திரும்பப் பழகியவரைப் பிடிக்கப் பகைவன் ஓட வேண்டியதில்லை. அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் போதும்.